லேப்பில் வளர்த்த காது வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பிப்ரவரி 2, 2025
புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகர் கேட்டது:

"என் அக்கா பையனுக்கு ஒன்றரை வயது ஆகிறது. கடலூரில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதிலிருந்து மூளைக்கு சிக்னல் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை என்று வந்துவிட்டது. டாக்டர் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார். மாமா ஒரு வீடியோ பார்த்துவிட்டு, வெளிநாட்டில் உள்காதையே லேப்பில் வளர்த்துவிட்டார்கள், நாலைந்து வருஷத்தில் இங்கேயும் வந்துவிடும், பிள்ளை மண்டையைத் திறக்க வேண்டாம், காத்திருப்போம் என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 2, இரவு

காத்திருக்க வேண்டாம். காரணமெல்லாம் பிறகு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காது டெஸ்ட் எடுத்து மெஷின் பொருத்துகிற ஆள் நான். பிள்ளைக்கு இம்ப்ளான்ட் வைத்தால் எனக்கு ஒரு காசு வராது. சொல்லப்போனால் ஒரு வாடிக்கையாளர் குறைவார். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காதைவிட மூளைதான் அவசரம். பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மூளை முதல் மூன்று வருஷத்தில்தான் மும்முரமாகச் செய்கிறது. அந்த நேரத்தில் சத்தமே வராவிட்டால், கேட்பதற்கென்று இருக்கும் பகுதியைப் பார்வை போன்ற மற்ற வேலைகளுக்குக் கொடுத்துவிடும். ஏழு வயதில் புதுக்காதே கிடைத்தாலும் சத்தம் கேட்குமே தவிர, பேச்சு பிடிபடுவது பெரும்பாடு.

அப்புறம், மண்டையைத் திறக்க மாட்டார்கள். காதுக்குப் பின்னால் எலும்பை டிரில் செய்து, உள்காதில் சத்தம் வாங்கும் காக்ளியா என்ற சுருளுக்குள், நரம்பை நேராகத் தூண்டும் மெல்லிய எலக்ட்ரோடை நுழைப்பார்கள். மூளைப் பக்கம் கை போகாது.

பிப்ரவரி 3, காலை

கேள்வி கேட்ட தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பாதி உண்மை, பாதி பின்னணி இசை. வளர்த்ததை ஆளின் காதில் நட்டு வைக்க இன்னும் முடியாது.

உண்மைப் பாதி இது. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எரி ஹாஷினோவின் லேப். அங்கே கார்ல் கோலரும் மற்றவர்களும் எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்லிலிருந்து, உள்காதுத் திசுவை வளர்த்து 2013-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மனித ஸ்டெம் செல்லில் அதையே 2017-ல் செய்து காட்டினார்கள். இப்படி வளர்க்கும் சிறு உருண்டைக்கு ஆர்கனாய்டு என்று பெயர்.

செய்யும் விதம்தான் எனக்குப் பிடித்தது. தட்டில் பரப்பி வைக்காமல், செல்களை உருண்டையாகத் திரளவிட்டு மிதக்கவைக்கிறார்கள். கருவில் காது உருவாகும்போது எந்தெந்த சிக்னல் எந்தெந்த நாளில் வருமோ, அதே வரிசையில் அந்தந்தப் புரதத்தையும் மருந்தையும் ஊற்றுகிறார்கள். முதலில் ஒன்றைக் கொடுத்துத் தோல் பக்கம் திருப்பு, பிறகு அதை அடக்கு, அடுத்ததைக் கொடு என்று போகிறது. அதற்குமேல் செல்களே பார்த்துக்கொள்கின்றன. உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் உண்டாகி, சுவரில் மயிர்ச்செல்கள் முளைக்கின்றன. சத்தத்தின் அதிர்வையும் உடம்பின் அசைவையும் மின்சிக்னலாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை இவைதான். மனிதச் செல்லுக்கு இதற்கே இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகிறது. கருப்பையிலும் அப்படித்தானே? அவசரப்படுத்த முடியாது.

காதுக்கான சிக்னல் எது என்று முதலில் தேடியது கோழிக்கருவில். 2000-ல் சயன்ஸ் இதழில் அதுபற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜ் லாதர். இன்று பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிலையத்தில் லேப் வைத்திருக்கிறார். வெளிநாடு வெளிநாடு என்கிறார்களே, அதற்காகச் சொன்னேன்.

பிப்ரவரி 3, மதியம்

யாரோ எலி முதுகில் காது முளைத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஐயா, அது வேறு கதை. 1997-ல் சார்லஸ் வகாண்டி குழு செய்தது. காது வடிவத்தில் கரையக்கூடிய ஒரு அச்சு, அதில் மாட்டுக் குருத்தெலும்புச் செல், அதை எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். வெளிக்காது வடிவம் மட்டும்தான். கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்மல் வேண்டுமானால் மாட்டலாம்.

பிப்ரவரி 5, இரவு

"நட்டு வைக்க முடியாதென்றால் எதற்கு வளர்க்கிறார்கள்? பணத்துக்குப் பிடித்த கேடா?" என்று பண்ருட்டி நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இங்கேதான்.

கண்ணில் கோளாறு என்றால் டாக்டர் லைட் அடித்து விழித்திரையைப் பார்க்கிறார். ஈரலில் கோளாறு என்றால் ஊசி போட்டுத் துளி சதையை எடுத்துப் பார்க்கிறார். காக்ளியாவை என்ன செய்வது? உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் இருக்கிறது. நீட்டி வைத்தால் மூன்றரை சென்டிமீட்டர் வரும் சுருள். அதில் மொத்தமே சுமார் 15,500 மயிர்ச்செல்கள். உள்வரிசையில் 3,500, வெளிவரிசைகளில் 12,000. விழித்திரையில் ஒளி வாங்கும் செல்கள் பத்துக் கோடிக்கு மேல். காதில் வெறும் பதினைந்தாயிரம், அதுவும் பிறவிக்கு ஒரே தடவை. துளி சதை எடுத்துப் பார்த்தால் எடுத்த இடம் போனது போனதுதான். உயிரோடு இருக்கும் ஆளின் காக்ளியாவை வெட்டிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் என் கடைக்கு வருகிற ஆளுக்கு நான் கொடுப்பது வெறும் ஒரு கோடு. எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம். 4,000 ஹெர்ட்ஸில் கோடு தொப்பென்று விழுந்தால் இரைச்சல் என்று ஊகிக்கிறேன். உள்ளே எந்தச் செல் செத்தது, எது தடுமாறிக்கொண்டிருக்கிறது, எது நரம்போடு தொடர்பு விட்டுப்போய் நிற்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது. "நரம்பு வீக்" என்று எல்லாருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புகிறோமே, அது பெரும்பாலும் நரம்பே இல்லை, மயிர்ச்செல்தான். இறந்தபின் தானமாகக் கிடைத்த எலும்பும் எலியும்தான் இத்தனை நாள் பாடப்புத்தகம். எலிக்கு ஒத்துவந்த மருந்து மனிதக் காதில் கைவிட்ட கதைகள் எத்தனையோ.

இந்த உருண்டைகள் வந்தபின்தான் மனித மயிர்ச்செல்லைத் தாராளமாக உயிரோடு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பார்க்க முடிகிறது. அதுவும் குறிப்பிட்ட ஆளுடைய செல்லாகவே இருக்கலாம். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதரிலும் காட்டிய வழி அதற்கு உதவுகிறது. காது கேட்காத பிள்ளையின் ரத்தத்தை எடு, அந்தச் செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கு, அதிலிருந்து அந்தப் பிள்ளையின் உள்காதுத் திசுவையே வளர்த்துப் பார், எங்கே தடுக்குகிறது என்று. டிஎம்பிஆர்எஸ்எஸ்3 என்ற ஜீன் கெட்டால் மயிர்ச்செல் எப்படிச் சாகிறது என்று இந்தியானாக்காரர்கள் 2019-ல் உருண்டையில்தான் பார்த்தார்கள். ஆனால் அது எலிச் செல்லில் வளர்த்த உருண்டை. செல்கள் முளைக்கின்றன, நன்றாகவே முளைக்கின்றன, பிறகு வாடுகின்றன. முளைக்கவே இல்லை என்பதற்கும் முளைத்துச் சாகிறது என்பதற்கும் வைத்தியம் வேறு வேறு இல்லையா?

அம்மன் கோயில் முளைப்பாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் அறுத்துச் சோறாக்குவதில்லை. விதை எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். இதுவும் அப்படி ஒரு தட்டு.

பிப்ரவரி 8

"அந்த உருண்டைக்குக் கேட்குமா?" சின்னப் பையன் யாரோ கேட்டிருக்கிறான் போல. சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி.

கேட்காது. செவிப்பறை இல்லை, அங்கவடி எலும்பு இல்லை, சத்தத்துக்கு ஏற்ப ஆடும் சவ்வு இல்லை. ஆனால் மயிர்ச்செல்லின் உச்சியில் இருக்கும் நுண்ணிழைகள் உண்மையானவை. மெல்லிய கம்பியால் அதைத் தள்ளினால் மின்சாரம் ஓடுகிறது. சில செல்களின் அடியில் நரம்பும் வந்து கோத்துக்கொள்கிறது. வாசல் வரைக்கும் எல்லாம் சரி, வீட்டில் ஆள்தான் இல்லை.

இன்னொரு விஷயம், வீடியோக்காரர்கள் சொல்லாமல் விட்டது. 2017-ல் கிடைத்த மயிர்ச்செல்கள் பெரும்பாலும் கேட்கும் வகை அல்ல, உடம்பின் சமநிலையைப் பார்க்கும் வகை. உள்காதில் இரண்டு வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறது, சும்மா விட்டால் செல்கள் சமநிலைப் பக்கமே சாய்கின்றன. கேட்கும் பக்கம் திருப்ப 2023 வரை ஆனது. அந்த வருஷம் செல் ஸ்டெம் செல் இதழில் ஹாஷினோ குழுவே, இரண்டு சிக்னல்களைச் சரியான நேரத்தில் கொடுத்துக் காக்ளியா வகை மயிர்ச்செல்களை வரவழைத்தது. உள்வரிசை, வெளிவரிசை இரண்டு வகையும். எனக்கு அந்த வருஷத்திலேயே பெரிய செய்தி அதுதான். நம் பேப்பர் எதிலும் நான் பார்க்கவில்லை.

அதே வருஷம் நெதர்லாந்தின் லைடன் குழு மனிதக் கருவின் உள்காதையும் பெரியவர்களின் உள்காதையும் ஆர்கனாய்டோடு செல் செல்லாக ஒப்பிட்டது. ஆர்கனாய்டு கருவின் காதுக்குத்தான் நெருக்கம். அறுபது வயதுக் காதின் நோயைப் பார்க்க, பிறக்காத பிள்ளையின் காதை வைத்துப் பார்க்கிறோம் என்று அர்த்தம். குறைதான். ஆனாலும் எலியைவிடத் தேவலை.

பிப்ரவரி 9

மயிர்ச்செல் என்றதும் வழுக்கைக்கு மருந்து கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். இந்தச் செல்லுக்கும் தலைமுடிக்கும் உறவு இல்லை என்று சொல்லி முடிக்கலாம் என்றால், அதுவும் முழு உண்மை இல்லை! உள்காது கருவில் தோலோடு ஒட்டிய படலத்திலிருந்து வருவது. காது வளர்க்கும் உருண்டையிலேயே பக்கவாட்டில் தோல் உண்டானதை கோலர் கவனித்தார். அதைத் தனியாகப் பிடித்து வளர்த்து, முடி முளைத்த மனிதத் தோலை 2020-ல் நேச்சரில் வெளியிட்டார்கள். காதைத் தேடிப் போனவருக்கு முடி கிடைத்தது. சரி, உங்களுக்கும் ஒரு நாள் வரும். போய்த் தூங்குங்கள்.

பிப்ரவரி 14

கோழி பற்றி எழுதியதும், கோழிக்குப் போன காது திரும்ப வருமாமே என்று கிளைக்கேள்வி வந்திருக்கிறது. ஆமாம், கோழிக்குச் செவிடே நிலைக்காது. இரைச்சலோ மருந்தோ மயிர்ச்செல்லைக் கொன்றாலும், பக்கத்திலிருக்கும் தாங்கு செல்கள் பிரிந்து புதிதாக முளைக்கின்றன. 1980-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். மீனுக்கும் முடியும். நம்மையும் எலியையும் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் முடியாது. எலிக்குட்டிக்குப் பிறந்த முதல் சில நாட்கள் கொஞ்சம் அந்தச் சக்தி இருந்து, அப்புறம் பூட்டிக்கொள்கிறது.

அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்த ஒரு மருந்துதான் எஃப்எக்ஸ்-322. அமெரிக்காவில் ஃப்ரீக்வன்சி தெரபியூட்டிக்ஸ் என்ற கம்பெனி. செவிப்பறை வழியாக ஊசி, தூங்கும் செல்லை எழுப்பும் இரண்டு ரசாயனங்கள். ஆரம்பத்தில் ஏக எதிர்பார்ப்பு. என்னிடம் வரும் ஒரு ரிடையர்டு வாத்தியார் அந்தச் செய்தியை பிரிண்ட் எடுத்துப் பையிலேயே வைத்திருந்தார். 2023 பிப்ரவரியில் முடிவு வந்தது: வெறும் ஊசி போட்டவர்களுக்கும் மருந்து போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கம்பெனி அந்த வேலையையே விட்டுவிட்டது. வாத்தியாரிடம் நான்தான் சொன்னேன். "சரி, பேட்டரி இரண்டு அட்டை கொடு" என்றார்.

மாமாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள் தம்பி. நாலைந்து வருஷத்தில் வந்துவிடும் என்று அப்போதும் சொன்னார்கள்.

பிப்ரவரி 20, ஞாயிறு மாதிரி தோன்றும் வியாழன்

கடையில் கூட்டம் இல்லை. கொஞ்சம் சுற்றி வருகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

என் அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சைகைதான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். கொட்டகைக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அந்த ஆட்கள். அம்மா திரும்பி நின்று பேசினால் அவருக்குக் கோபம் வரும். பெண்டாட்டி மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்! பிறகு நான் இந்தத் தொழிலுக்கு வந்து அவருக்கே டெஸ்ட் எடுத்தேன். தாழ்ந்த சுருதி எல்லாம் கேட்டது. மேலே போகப் போகக் கோடு பாதாளத்தில். காக்ளியாவின் வாசல் பக்கம்தான் கீச்சுச் சத்தத்துக்கான இடம், இரைச்சல் முதலில் தின்பதும் அங்கேதான். அதனால் குரல் கேட்கும், சொல் விளங்காது. "சட்டி" என்றாரா "தட்டி" என்றாரா "பட்டி" என்றாரா என்று தெரியாது. "காது கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்" என்று அப்பா கடைசிவரை சொன்னார். இன்றும் வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மீனவர்களுக்குப் படகின் டீசல் எஞ்சின். எஞ்சின் பக்கம் உட்காரும் காது ஒரு படி மோசமாக இருக்கும். தவில்காரர்களும் வருவார்கள், ஆனால் தொழில் போய்விடும் என்று பேரை எழுதவிட மாட்டார்கள். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று நம் நாட்டு விதி இருக்கிறது. படகுக்கும் தவிலுக்கும் எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. காதைக் கெடுப்பது இரைச்சல் மட்டும் இல்லை, மருந்தும்தான். ஜென்டாமைசின், பழைய காசநோய் ஊசியான ஸ்ட்ரெப்டோமைசின், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின். இந்தச் சிஸ்பிளாட்டின் மற்ற உறுப்புகளை விட்டுப் போன பிறகும் காக்ளியாவில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்குகிறது என்று 2017-ல் அமெரிக்க அரசு ஆய்வகக்காரர்கள் காட்டினார்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளின் காதைக் காப்பாற்ற சோடியம் தயோசல்ஃபேட் மருந்துக்கு அங்கே 2022-ல் அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு மருந்து மனித மயிர்ச்செல்லைக் கொல்லுமா, இன்னொன்று அதைத் தடுக்குமா என்று ஆளுக்குக் கொடுக்கும் முன்பே உருண்டையில் ஊற்றிப் பார்க்கலாம். நட்டு வைக்கும் கனவைவிட இந்த வேலைதான் முதலில் பலன் தரும் என்பது என் எண்ணம். வீடியோவுக்குத்தான் இது தோதாக இருக்காது.

மார்ச் 1

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதைப் பொதுவில் சொல்கிறேன், பேர் சொல்ல மாட்டேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிறவிச் செவிடு சரியாகும் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்களாம். கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல் போட்ட வழிகாட்டு நெறிகள்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்ற அங்கீகரித்தவற்றைத் தவிர, மற்ற எதையும் முறைப்படி நடக்கும் ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை.

ஸ்டெம் செல்லைக் காதில் வைத்துப் பார்க்கும் உண்மையான வேலையும் நடக்கிறது. ஷெஃபீல்டில் மார்செலோ ரிவோல்டா குழு மனித ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கிய செவி நரம்பு முன்னோடிச் செல்களை, கேட்காத ஜெர்பில்களின் காதில் வைத்து ஓரளவு கேட்கும்படி செய்தது. 2012 நேச்சர். ஜெர்பில் என்பது எலி இனம். கவனியுங்கள், அவர்கள் வைத்தது நரம்புச் செல், மயிர்ச்செல் அல்ல. நரம்பு வளர்ந்து போய் இருக்கிற மயிர்ச்செல்லோடு சேர்ந்தால் போதும். மயிர்ச்செல்லை வைப்பதென்றால் வரிசை தப்பாமல், திசை தப்பாமல், இழைகள் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் வேறுபட்ட இரண்டு திரவங்களுக்கு நடுவில் அந்தச் சுவர் ஒழுகாமலும் இருக்க வேண்டும். அதைத் திறந்து நடுவதற்குள் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

மார்ச் 6

தம்பி ஒரு நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: "சீனாவில் ஜீன் ஊசி போட்டுக் குழந்தைகளுக்குக் கேட்டதாமே, அதுவும் பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் இந்தத் துறையில் நடந்த நிஜமான அதிசயம். ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆறு குழந்தைகளுக்கு ஒரு காதில் போட்டு, ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. 2024 லான்செட்டில் வந்தது. பிறகு இரண்டு காதிலும் போட்டார்கள். அமெரிக்காவிலும் ஒரு பதினோரு வயதுப் பையனுக்குக் கேட்டது.

ஆனால் அது ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே ஒரு ஜீன் கெட்டவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு மயிர்ச்செல் செத்திருக்காது. சத்தத்தை வாங்கிக்கொள்ளும், நரம்புக்குக் கடத்தும் கடைசி இடத்தில்தான் சிக்கல். அதனால்தான் ஜீனைக் கொடுத்ததும் வேலை செய்கிறது. பிறவிச் செவிடில் இவர்கள் சிறு பங்கு.

டெஸ்ட் எடுக்கும் எங்களுக்கு இதில் ஒரு பொறி உண்டு. பிறந்த குழந்தைக்கு எடுக்கும் ஓஏஇ டெஸ்ட், வெளிவரிசை மயிர்ச்செல்லின் எதிரொலியைத்தான் பார்க்கிறது. ஓட்டோஃபெர்லின் குழந்தைகளுக்கு அந்தச் செல் நன்றாக இருப்பதால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். "காது நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பெரா எடுத்தால்தான் கோடு தட்டையாக வரும். தம்பி, பையனுக்குப் பிறந்தபோது ஓஏஇ எடுத்தார்களா? இப்போதைய ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கிறதா? அப்புறம், ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள். அக்காவுக்குச் சொந்தத்தில் கல்யாணமா?

மார்ச் 7

அக்கா தாய்மாமனையே கட்டியிருக்கிறார், பிறந்தபோது எந்த டெஸ்டும் எடுக்கவில்லை, இப்போது எடுத்ததில் ஓஏஇயிலும் எதிரொலி வரவில்லை, பெராவிலும் ஒன்றும் வரவில்லை என்று தம்பி சொல்கிறார். நம் பக்கத்தில் வழக்கமான கதைதான். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இருவரும் ஒரே கெட்ட ஜீனைச் சுமக்கும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம், அவ்வளவுதான். ஓஏஇ எதிரொலி வராததால் ஓட்டோஃபெர்லினாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனாலும் வயது ஏற ஏற அவர்களுக்கும் ஓஏஇ மறைந்துபோவது உண்டு என்பதால், ஜீன் டெஸ்டைப் பார்த்துவிடுவதே நல்லது. ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். காது மெஷின் போட்டுப் பழக்கத் தொடங்குங்கள், இம்ப்ளான்டுக்கான ஸ்கேனையும் எடுங்கள்.

"ஒரு காதில் மட்டும் இம்ப்ளான்ட் வைத்து, மறு காதை வரப்போகும் வைத்தியத்துக்கு விட்டுவைக்கலாமே" என்று நெய்வேலிக்காரர் சொல்வதில் எனக்கும் ஒரு இழுப்பு உண்டு. எலக்ட்ரோடு போனால் உள்ளே கொஞ்சம் சேதம் ஆகத்தான் செய்யும். ஷாங்காய்க் குழந்தைகளில் சிலருக்கு ஒரு காதில் முன்பே இம்ப்ளான்ட் இருந்தது, மறு காதில்தான் ஊசி போட்டார்கள். யோசிக்க யோசிக்க இதற்கும் ஜீன் ரிப்போர்ட்தான் விடை என்று படுகிறது. ஓட்டோஃபெர்லின் என்றால் விட்டுவைப்பதில் அர்த்தம் உண்டு. வேறு என்றால், இன்னும் கைக்கு வராத வைத்தியத்துக்காக ஒரு காதைச் சும்மா வைத்திருப்பது, எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வருகிறது என்று தெரியாத பிள்ளையாக அவனை வளர்ப்பதில் போய் முடியும்.

மார்ச் 7, பிறகு

செலவு பற்றி. பிள்ளை கடலூர் விலாசம் என்பதால் தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இம்ப்ளான்ட் அதில் உண்டு. முத்தியால்பேட்டையில் இருக்கும் உங்கள் விலாசத்துக்கு அது செல்லாது, மாற்றிக் குழப்ப வேண்டாம். புதுச்சேரிக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏப்ரல் 19

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். ஜிஜேபி2 ஜீன், டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம், இரண்டு பிரதியிலும். எதிர்பார்த்ததுதான். நம் நாட்டில் பிறவிச் செவிடில் அடிக்கடி அகப்படுவது இது.

தம்பி கேட்ட மூன்றுக்கும் பதில். ஷாங்காய் ஊசி இதற்கு ஆகாது. அது வேறு ஜீன். ஆர்கனாய்டில் இதைப் பார்க்கிறார்களா என்றால், பார்க்கிறார்கள். இந்த ஜீன் கெடுப்பது மயிர்ச்செல்லை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் தாங்கு செல்களுக்கு நடுவே இருக்கும் வழிகளை. டோக்கியோவில் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து அந்தத் தாங்கு செல்களையே வளர்த்து, வழி எப்படி உடைகிறது என்று பார்த்துவருகிறார்கள். மருந்து தேடும் இடம் அது. மருந்து இன்னும் இல்லை. மூன்றாவது, இம்ப்ளான்ட் இவனுக்கு எடுபடுமா? இந்த வகையில் செவி நரம்பு பெரும்பாலும் கெடாமல் இருக்கும். இம்ப்ளான்ட் நன்றாகப் பேசவைக்கும் வகைகளில் இது ஒன்று. மாமாவுக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

அக்காவுக்கு அடுத்த பிள்ளை என்றால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஜெனிடிக் கவுன்சலிங் போகச் சொல்லுங்கள். சொல்லும் விதமாகச் சொல்லுங்கள், மாமியார் காதில் விழாமல்.

மே 11

ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள், இரண்டு காதுக்குமே கேட்டிருக்கிறார்களாம். மாமாவே கையெழுத்துப் போட்டாராம். நல்லது.

ஸ்விட்ச் ஆன் செய்யும் அன்று பிள்ளை சிரிப்பான் என்று வீடியோ பார்த்து எதிர்பார்க்க வேண்டாம், பல பிள்ளைகள் வீறிட்டு அழும். அதற்கப்புறம் ஒன்றிரண்டு வருஷம் ஸ்பீச் தெரபிக்கு விடாமல் போக வேண்டும், ஆபரேஷனைவிட அதுதான் பெரிய வேலை. கடற்கரைப் பக்கம் வீடு என்பதால் ஒன்று: வெளியே மாட்டும் பிராசசரை ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். உப்புக்காற்று முதலில் கெடுப்பது மைக்கைத்தான். ஜெல் நிறம் மாறினால் புதிது வாங்குங்கள், என்னிடமும் இருக்கிறது.